கடைசி வருடப் புராஜெக்ட் செய்வது எப்படி: போர்வெல் தண்ணீரை வைத்து ஒரு விளக்கம்

புராஜெக்ட் அறிவிப்பு வந்த அன்றைக்கே வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் ஒரு தலைப்புப் பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். "நிலத்தடி நீர் மாசுபாடு: ஓர் ஆய்வு", "சமூக ஊடகங்களின் தாக்கம்: ஓர் ஆய்வு", இந்த மாதிரி. 'ஓர் ஆய்வு' என்று முடிகிற எதையும் எடுக்காதீர்கள். எங்கே ஆரம்பிக்க வேண்டும், என்ன கிடைத்தால் முடிந்தது என்று அந்தத் தலைப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதம் ஓடியபின் விக்கிப்பீடியாவில் இருந்து நாற்பது பக்கம் எடுத்து ஒட்டி, ஸ்பைரல் போட்டுக் கொடுப்பதில்தான் அது போய் முடியும்.

இளநிலை அறிவியல் கடைசி வருடம் படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பள்ளி மாணவர்களும் இதையே கொஞ்சம் சின்னதாகச் செய்யலாம். 1993 முதல் நடக்கிற தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சொந்த ஊர்ப் பிரச்சினையை எடுத்து இப்படித்தான் ஆய்வு செய்கிறார்கள், அதில் சிலதைப் பார்த்தால் கல்லூரிப் புராஜெக்ட்டுகளே வெட்கப்பட வேண்டும். எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் மண்டையில் ஏறாது, அதனால் ஒரே உதாரணத்தைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறேன்: கடலோர ஊர் ஒன்றில் வீட்டுப் போர்வெல் தண்ணீர்.

கேள்வியைச் சுருக்குங்கள், இன்னும் சுருக்குங்கள்

கடலோர ஊரில் இருக்கிற எல்லோரும் சொல்கிற புகார் "போர் தண்ணி உப்புக் கரிக்குது" என்பது. அதையே புராஜெக்ட் ஆக்க முடியாது, ஆனால் அதைத் தோண்டலாம். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கரிக்கிறதா? பக்கத்து வீட்டுப் பழைய கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறது, நம் வீட்டில் 200 அடி போட்டும் வேகவில்லை என்றால் என்ன காரணம்? ஆழமா, கடலில் இருந்து உள்ள தூரமா, கழிவுநீர்த் தொட்டியா?

இந்த இடத்தில் கொஞ்சம் படிக்க வேண்டும். நன்னீர் உப்பு நீரை விட எடை குறைவு, அதனால் கடலோர மணலில் அது உப்பு நீருக்கு மேலே நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென்–ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு பேர் பெயரில் வழங்கும் கணக்கு. மேலே களிமண் மூடாத மணற்பாங்கான நிலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் போட்டு உறிஞ்சி மேல் மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் அடியில் உப்பு நீர் 40 மீட்டர் மேலே ஏறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதால்தான் கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே புகுந்தது.

இப்போது கேள்வி தானாக வந்துவிடுகிறது: "எங்கள் ஊரில் கடலில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரே தெருவில் இருக்கிற ஆழமான போர்வெல், ஆழமில்லாத கிணறு இரண்டில் எதில் உப்பு அதிகம்?" அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு புராஜெக்டா" என்று கூட இருக்கிறவன் சொல்வான், சொல்லட்டும்.

இந்தக் கேள்வி ஏன் நல்ல கேள்வி என்றால், பதில் நாம் நினைத்ததற்கு எதிராகவும் வரலாம். மேலாக இருக்கிற கிணற்றில்தான் உப்பு அதிகம் என்று வந்தால் கழிவுநீர் கலப்பதை யோசிக்க வேண்டி வரும், அதுவும் ஒரு பதில்தான். 'இல்லை' என்ற பதிலே வர முடியாத கேள்வியை ("மழைநீர் சேகரிப்பு நல்லதா?" போல) ஆய்வு செய்ய ஒன்றும் இல்லை. அப்புறம், இதைச் சில நூறு ரூபாய் மீட்டரை வைத்து நீங்களே அளக்கலாம், நடந்தே போய் அளக்கலாம். கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை, கைடு (புராஜெக்ட்டை வழிநடத்தும் ஆசிரியர்) பார்ப்பது நீங்களாக எதை அளந்தீர்கள் என்பதைத்தான்.

முன்னால் யார் என்ன செய்தார்கள் என்பது

இதற்கு ஒரு வாரம் போதும், மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் மாவட்டப் பெயரையும் நிலத்தடி நீர் என்பதையும் போட்டுத் தேடுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாவட்ட வாரியாக அறிக்கை போடுகிறது. குடிநீர்த் தரத்துக்கு ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தர அளவு, 2012ஆம் வருடப் பதிப்பு. அதில் கரைந்த திடப்பொருள் (எல்லோரும் டிடிஎஸ் என்று சொல்வது) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு அதே போல 250, 1000. ஒவ்வொரு கட்டுரையைப் படிக்கும்போதும் எழுதியவர், வருடம், எத்தனை கிணறு, என்ன முறை, என்ன கிடைத்தது என்று ஐந்து வரி நோட்டில் எழுதிவிடுங்கள். ஏஐயிடம் "இதற்கு ரெஃபரன்ஸ் கொடு" என்று கேட்டு வாங்கிப் போடாதீர்கள், உலகத்தில் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் சேர்த்து அழகாகக் கொடுக்கும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவது நீங்கள்.

நாட்களைக் கடைசியில் இருந்து எண்ணுங்கள்

ஒப்படைக்கும் தேதியை எழுதிவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். பைண்டிங் கடையில் அந்த வாரம் எல்லாக் கல்லூரிக் கூட்டமும் இருக்கும், அதற்கு நான்கு நாள். கைடு படித்துத் திருத்தித் தர பத்து நாள் (ஐந்து நாள் என்பார், பத்தாகும்). எழுத மூன்று வாரம். கணக்குப் போட்டு வரைபடம் போட ஒரு வாரம். இதெல்லாம் கழிந்து மீதி எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் களப்பணி முடிய வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் முகம் வாடும், "50 வீடு" என்று போட்டிருந்தது 20 ஆகும். ஆகட்டும், இப்போதே ஆவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் பருவமும் சேர்ந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை, ஜனவரியில் கிணறு நிரம்பி இருக்கும், ஏப்ரலில் இறங்கியிருக்கும். முதல் வீட்டை ஜனவரியிலும் கடைசி வீட்டை மார்ச்சிலும் அளந்தால், வந்த வித்தியாசம் ஆழத்தாலா வெயிலாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அதனால் எல்லா வீட்டையும் ஒரே வாரத்தில், அதுவும் ஒரே தெருவின் ஜோடியை (ஒரு போர்வெல், ஒரு கிணறு) ஒரே நாளில் முடித்துவிடுங்கள். கடலோரத் தெருவெல்லாம் முதல் நாள், உள் தெருவெல்லாம் கடைசி நாள் என்று போகாமல், தெருப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து அந்த வரிசையில் போவது நல்லது.

மீட்டரை நம்பும் முன்

டிடிஎஸ் மீட்டர் உண்மையில் உப்பை அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. அந்த எண் ஒரு கம்பெனியில் 0.5, இன்னொன்றில் 0.7 என்று மாறும். குரூப்பில் இரண்டு பேர் இரண்டு மீட்டர் வாங்கி ஆளுக்குப் பாதி வீடு அளந்தால் கதை கந்தல்.

சரி, உங்கள் மீட்டர் என்ன செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்ரோல் பங்கிலோ பேட்டரிக் கடையிலோ டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும். முதலில் அதையே அளங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு கேன் வாங்குங்கள். சமையல் தராசில் 1 கிராம் சரியாக நிற்காது, அதனால் 10 கிராம் உப்பை அந்தத் தண்ணீரில் கரைத்து 1 லிட்டர் ஆக்கி, அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்குங்கள். இப்போது லிட்டருக்கு 1 கிராம் உப்பு. பெருக்கும் எண் 0.5 ஆக இருக்கிற மீட்டர் 1000 பக்கத்தில் காட்டும், 0.7 ஆக இருந்தால் 1400 பக்கத்தில். எது வந்ததோ நோட்டில் எழுதுங்கள், அறிக்கையில் 'முறை' பகுதியில் அது ஒரு வரி. களப்பணி நடக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் அதே உப்புத் தண்ணீரை மறுபடி அளங்கள், மீட்டர் விலகிப் போனால் அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. விலை குறைந்த மீட்டர்கள் சிலதில் 1000க்கு மேல் போனால் திரையில் மூன்று இலக்கம்தான் வரும், ஓரத்தில் பொடியாக '×10' என்று மின்னும். அதாவது 124 என்று காட்டினால் அது 1240. நடு வெயிலில் அது கண்ணில் படாது. கடல் பக்கத்துப் போர்வெல் 124, பக்கத்துக் கிணறு 610 என்று எழுதிவிட்டு, ஆழமான தண்ணீர்தான் இனிப்பு என்று முடிவு கட்டினால், முழுப் புராஜெக்ட்டும் தலைகீழ். மீட்டர் திரையை ஒவ்வொரு முறையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கலாம்.

ஒத்திகை, அப்புறம் தெரு

முதலில் மூன்றே வீடு போய்ப் பாருங்கள், அதுவும் தெரிந்தவர்கள் வீடு. நீங்கள் உட்கார்ந்து யோசித்து வராத பிரச்சினை எல்லாம் அங்கே வரும். நிறைய வீட்டில் போர் தண்ணீர் நேராகக் குழாய்க்கு வருவதில்லை, தரைத்தொட்டியில் லாரித் தண்ணீரோ குடிநீர் இணைப்புத் தண்ணீரோ அதோடு கலந்திருக்கும். சமையலறைக் குழாயில் பிடித்தால் நீங்கள் அளப்பது கலவையை. மோட்டாரைப் போடச் சொல்லி, சில நிமிடம் ஓடவிட்டு (குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் போகட்டும்), போரில் இருந்து தொட்டிக்கு வருகிற வாயிலேயே பிடியுங்கள். ஆர்ஓவுக்குப் பிறகு வருவதைப் பிடிக்கவே கூடாது. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

வாசலில் போய் நின்றதும் "கார்ப்பரேஷன்ல இருந்தா வர்றீங்க? போருக்கு வரி போடவா?" என்று கேட்பார்கள். ஐடி கார்டை மாட்டிக்கொண்டு, துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு, "அக்கா, காலேஜ் புராஜெக்ட். உங்க போர் தண்ணி உப்பு எவ்ளோன்னு பாக்குறோம். உங்க பேர் எங்கயும் வராது. முடிவு வந்ததும் உங்களுக்கும் சொல்றோம்" என்று நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி அடுத்த வீடு. பெயர் எழுதாதீர்கள், தெருவுக்கு ஓர் எழுத்து, வீட்டுக்கு ஓர் எண்: க-1, க-2 என்று.

ஆழம் கேட்டால் "எரநூறு அடி இருக்கும் தம்பி" என்று வரும். பக்கத்தில் இருக்கிற அம்மா "இல்ல, நூத்தம்பதுதான்" என்பார். இரண்டையும் எழுதுங்கள். போர் போட்டபோது கொடுத்த பில் இருந்தால் அதில் அடிக்கணக்கு இருக்கும், ஏனென்றால் அடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பில்லைப் பார்த்து எழுதியதா, நினைவில் இருந்து சொன்னதா என்று தனிக் கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். கிணறு என்றால் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீங்களே அளந்துவிடலாம், கூடப் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

மூன்று வீட்டு ஒத்திகையிலேயே ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்துங்கள், கைடிடம் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கைடைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த ஒரு பக்கம் கையில் இருக்கட்டும்: இதுவரை செய்தது, மாட்டிக்கொண்ட இடம், அடுத்து செய்யப்போவது. "சார், என்ன பண்றதுன்னு தெரியல" என்று போய் நின்றால் அவருக்கும் தெரியாது.

நோட்டு

கட்டுப்போட்ட நோட்டு ஒன்று, பால்பாயிண்ட் பேனா. தனித்தாள் வேண்டாம், பென்சில் வேண்டாம். தேதி, நேரம், வீட்டு எண், மூலம், ஆழம், ஒரே தண்ணீரை மூன்று முறை அளந்து வந்த மூன்று டிடிஎஸ் அளவுகள், தண்ணீரின் வெப்பநிலை, ஏதாவது வித்தியாசமாகக் கண்டால் அது ("கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்கு மிகப் பக்கம்"). தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், வொயிட்னர் தடவாதீர்கள். அன்று இரவே எக்செல்லில் ஏற்றுங்கள், நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து டிரைவில் போடுங்கள். குரூப்பில் நான்கு பேர் இருந்து வேலை செய்கிறது ஒருவராக இருக்கிற நோய்க்கும் நோட்டுதான் மருந்து: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அன்று அளந்தவர் கையெழுத்துப் போடட்டும்.

எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை

டிடிஎஸ் எல்லா வீட்டுக்கும். குளோரைடு சில வீட்டுக்கு மட்டும், ஏனென்றால் அதற்கு வேண்டிய சில்வர் நைட்ரேட் விலை அதிகம், கல்லூரி லேபில் அளந்துதான் கொடுப்பார்கள். ஆனால் குளோரைடு இல்லாமல் அந்த உப்பு கடலில் இருந்து வந்ததா என்று ஒன்றும் சொல்ல முடியாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதில் 19 கிராம் குளோரைடு, பாதிக்கு மேல். 99 பங்கு நல்ல தண்ணீரில் 1 பங்கு கடல்நீர் சேர்ந்தாலே டிடிஎஸ் கிட்டத்தட்ட 350 ஏறிவிடும். ஒரு போரில் டிடிஎஸ் 1500, குளோரைடு 700 என்றால் கடலைச் சந்தேகிக்கலாம். அதே 1500க்குக் குளோரைடு 200தான் என்றால் பாறையில் இருந்தோ மண்ணில் இருந்தோ கரைந்த வேறு உப்புகள். கழிவுநீரிலும் குளோரைடு உண்டு என்பதால் இதோடு தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

குளோரைடு அளக்கும் முறை பிளஸ் டூவில் பார்த்த டைட்ரேஷன் மாதிரிதான். 50 மில்லி தண்ணீர், சில சொட்டுப் பொட்டாசியம் குரோமேட், 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட், மஞ்சள் மாறி லேசாகச் செங்கல் நிறம் நிலைத்ததும் நிறுத்த வேண்டும். டிஸ்டில்டு வாட்டரையும் ஒரு முறை இப்படியே செய்து, அதற்குச் செலவானதைக் கழித்துவிடுங்கள். மீதி மில்லியைப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரைடு என்று வந்துவிடும். கையுறை போடுங்கள், சில்வர் நைட்ரேட் பட்ட விரல் கறுத்துவிடும். குரோமேட் நஞ்சு, அதைத் தொட்டியில் ஊற்றாமல் லேப் உதவியாளரிடம் கேட்டுக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள்.

எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது

சராசரி போட்டு பார் சார்ட் போடுவதற்கு முன்னால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே படத்தில் போடுங்கள், கீழே ஆழம், பக்கவாட்டில் டிடிஎஸ். கண்ணால் பார்த்தாலே பாதி தெரியும். ஏதோ ஒரு வீடு மட்டும் எங்கோ தள்ளி நின்றால் அழிக்காதீர்கள், நோட்டையும் போன் படத்தையும் பாருங்கள், தேவையென்றால் மறுபடி போய் அளங்கள், அப்போதும் அதே வந்தால் அது உண்மை, அதை வைத்தே எழுதுங்கள்.

ஜோடியாக அளந்ததின் லாபம் இங்கே வரும். ஒரே தெரு என்பதால் கடல் தூரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, வித்தியாசம் பெரும்பாலும் ஆழத்தில்தான். 10 ஜோடியில் எத்தனை ஜோடியில் ஆழமானது அதிக உப்பு என்று எண்ணுங்கள். ஆழத்துக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றால் இது காசு சுண்டுவது போலத்தான். 10 முறை சுண்டி 9 அல்லது 10 முறை தலை விழ வாய்ப்பு 1024இல் 11, அதாவது 1 சதவீதத்துக்குச் சற்று மேல். அப்படி வந்தால் தைரியமாகச் சொல்லலாம். 7 அல்லது அதற்கு மேல் என்றால் 17 சதவீதம், ஆறில் ஒரு முறை சும்மாவே வரும். அதனால் '10க்கு 7' கிடைத்துவிட்டு "ஆழம் கூடக் கூட உப்பு கூடுகிறது என நிரூபிக்கப்பட்டது" என்று எழுதக்கூடாது, "அந்தப் பக்கம் சாய்வதாகத் தெரிகிறது, 10 ஜோடி போதவில்லை" என்று எழுதலாம். அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல தேர்வாளர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்காருவார்.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

முறை, முடிவுகள் இரண்டையும் முதலில் எழுதுங்கள், முன்னுரையைக் கடைசியில். முறையைப் படித்து வேறு ஊர் மாணவர் ஒருவர் அப்படியே செய்ய முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். படத்துக்கும் அட்டவணைக்கும் அலகு போடுங்கள். முதுநிலைக்குப் போனால் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதி வந்துவிடும், பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொல்வார்கள். இளநிலையிலேயே சொந்தமாக எழுதப் பழகுவது லாபம். கல்லூரி வாசலில் விற்கிற ரெடிமேட் புராஜெக்ட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: போன வருடம் அதை வாங்கியவருக்கும் இதே தேர்வாளர்தான் வந்திருப்பார்.

தண்ணீர் கொடுத்த வீடுகளுக்குச் சொன்னபடி முடிவைக் கொண்டுபோய்க் கொடுங்கள், சின்னச் சீட்டில் அவர்கள் வீட்டுத் தண்ணீரில் வந்த அளவும் ஐஎஸ் வரம்பும் மட்டும். "அப்ப இதக் குடிக்கலாமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். உப்பு குறைவு என்பதால் குடிக்கலாம் என்று சொல்லிவிடாதீர்கள். கிருமியோ ஃபுளோரைடோ இருக்கிறதா என்பதை டிடிஎஸ் மீட்டர் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைவாவில் "ஏன் மூன்று முறை அளந்தீர்கள்", "மீட்டர் சரி என்று எப்படித் தெரியும்", "இன்னும் ஆறு மாதம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்" இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவில் வரும். மூன்றாவதுக்கு, மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அதே வீடுகளை அளப்போம் என்பது நல்ல பதில். நோட்டையும் மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள், மேசையில் இருக்கிற தண்ணீர் பாட்டிலை அளந்து காட்டு என்று கேட்கிற தேர்வாளர்கள் உண்டு. முதல் நாள் இரவே மீட்டருக்கு பேட்டரி மாற்றிவிடுங்கள்.